தாவும் கூறுகள் இடம் பார்த்தா இறங்குகின்றன?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் முறித்த சோளப்பொத்தி ஒன்றில், மஞ்சள் மணிகளுக்கு நடுவே ஊதாப் புள்ளி தெளித்த மணிகள் சில இருந்தன. டீ.என்.ஏ.யில் இடத்துக்கிடம் தாவும் கூறுகளால் இப்படி நேரலாம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அவை தாம் நுழையும் இடத்தை எவ்வாறு தெரிவுசெய்கின்றன?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: பொத்தியை உற்றுப் பார்த்த உங்கள் கண்ணுக்கு முதலில் என் பாராட்டு. பார்பரா மக்ளின்டொக் 1940களில் இத்தகைய மணிகளையும் சோளத்தின் நிறமூர்த்தங்களையும் பல ஆண்டுகள் பொறுமையோடு பார்த்தே இக்கூறுகளைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1983இல்தான் அவரைத் தேடி வந்தது. நிறத்துக்குரிய பரம்பரையலகுக்குள் ஒரு கூறு புகுந்தால் மணி ஊதா நிறத்தை இழக்கிறது. மணி வளரும்போது ஏதோ ஒரு கலத்தில் அது வெளியேறினால், அக்கலத்தின் வழிவந்த கலங்கள் மட்டும் நிறம் பெற்றுப் புள்ளியாகின்றன. முந்தி வெளியேறினால் புள்ளி பெரிது, பிந்தினால் சிறிது.

இனி இடத்துக்கு வருவோம். கூறுக்கு அறிவில்லை, அதன் நொதியம் எதைப் பற்றிக்கொள்ளும் என்பதே இங்கு தெரிவு எனப்படுகிறது. மரைனர் குடும்பக் கூறுகளுக்கு, டீ.என்.ஏ.யின் எழுத்துகள் போன்ற மூலங்களில் தைமினை அடுத்து அடினின் வந்தால் போதும். அது டீ.என்.ஏ. எங்கும் கிடக்கிறது. ஆனால் பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தில் உள்ள ரீ.வை.3 என்ற கூறு வியக்கத்தக்க நுட்பம் உடையது. அமினோ அமிலங்களைக் காவும் ஆர்.என்.ஏ.யை ஆக்கும் பரம்பரையலகுகளின் வாசலில், அவற்றை இயக்குவதற்கென ஒரு புரதத்தொகுதி ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது, ரீ.வை.3 அதைப் பற்றிக்கொண்டு, ஆர்.என்.ஏ. எழுதப்படத் தொடங்கும் புள்ளிக்கு ஓரிரு மூலங்கள் அளவு நெருக்கத்தில் இறங்குகிறது. மதுவத்தின் டீ.என்.ஏ.யில் பரம்பரையலகுகள் நெருங்கிக் கிடப்பதால், கண்டபடி இறங்கும் கூறு தான் குடியிருக்கும் கலத்தையே கொன்றுவிடக்கூடும். இவ்வகைப் பரம்பரையலகுகளோ பல பிரதிகளாக உள்ளன. அவற்றின் வாசலில் இறங்குவதால் பெருந்தீங்கு நேர்வதில்லை.

பற்றீரியாவின் ரீ.என்.7 இன்னொரு வழியைக் கைக்கொள்கிறது. கலச்சுவர் ஆக்கத்துக்கு இன்றியமையாத ஒரு பரம்பரையலகின் வால்முனையை அதன் புரதம் அடையாளம் காண்கிறது. கூறு நுழைவதோ அதற்குச் சற்று அப்பால், எனவே பரம்பரையலகு பழுதின்றித் தப்புகிறது.

ஒரு கவனம் தேவை. வன்னியில் காலபோகத்துக்குப் புழுதியில் எறியும் விதைநெல் வயல் முழுவதும் விழுகிறது. மாரிவெள்ளம் தேங்கிய பள்ளத்தில் அழுகி, மேட்டில் நிலைக்கிறது. மாசியில் வரம்பில் நின்று பார்ப்பவர், விதைத்தவர் மேடு பார்த்தே எறிந்தார் என்று எண்ணினால் அது தவறு. கூறுகளும் அப்படித்தான், இன்று அவை கிடக்கும் இடத்தை மட்டும் வைத்து அவை இறங்கிய இடத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் புதிதாக நுழையவைத்த பிரதிகளை, கலங்கள் பல தலைமுறை பெருகுமுன்னரே கணக்கெடுக்கின்றனர். மனிதரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளாக உள்ள அலு என்ற கூறு, லைன்-1 என்ற கூறின் நொதியத்தை இரவல் வாங்கியே நுழைகிறது. இளம் அலுப் பிரதிகள் பெரும்பாலும் லைன்-1 கிடக்கும் வகையான பகுதிகளிலேயே கிடக்கின்றன. பழையவையோ பரம்பரையலகுகள் செறிந்த பகுதிகளில் கூடுதலாக உள்ளன. இறங்கிய பின் நேர்ந்த இழப்பை இந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.