லூகா மோட்ரிச்: கேளுங்கள், சொல்கிறேன்

இந்த வாரம் குரோஷிய நடுக்கள வீரர் மோட்ரிச். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: எத்தனை கோல்? முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நடுக்கள வீரரைக் கோல் கணக்கு வைத்து எடைபோடாதீர்கள். ரியல் மாட்ரிட்டில் 597 ஆட்டம், 43 கோல். அந்த 43ஐ மட்டும் பார்த்தால் அவர் யாரென்றே தெரியாது.

கே: சிறுவயதில் அகதியாக இருந்தாராமே?

ஆமாம். 1985இல் குரோஷியாவின் சாடார் நகரில் பிறந்தவர். 1991 டிசம்பரில் போர் ஊருக்குள் வந்தபோது தாத்தாவைக் கொன்றுவிட்டார்கள். அந்தத் தாத்தாவின் பெயரும் லூகாதான். குடும்பம் சாடாரில் அகதிகளைத் தங்கவைத்த ஹோட்டல்களில் ஆண்டுக்கணக்காக இருந்தது. பையன் பந்து உதைக்கக் கற்றது அங்கேதான்.

கே: என் மகன் குள்ளம். கிளப்பில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மோட்ரிச்சையும் குரோஷிய கிளப்பான ஹஜ்துக் ஸ்பிலிட் அப்படித்தான் திருப்பி அனுப்பியது. பிறகு இன்னொரு குரோஷிய கிளப், டினாமோ ஸாக்ரெப், எடுத்துக்கொண்டது. உங்கள் பையனைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்ல முடியாது.

கே: லோனில், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக, அனுப்பினால் இளம் வீரர் வீணாகிவிடுவார் இல்லையா?

எங்கே அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய கிளப்பில் பெஞ்ச் தேய்ப்பதுதான் வீண். மோட்ரிச்சை டினாமோ 18 வயதில் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்தாருக்கு அனுப்பியது. முரட்டு லீக், காலைப் பார்த்தே இறங்குவார்கள். அந்த 2003-04 சீசனில் லீகின் சிறந்த வீரர் இந்த ஒல்லிப் பையன்தான். போஸ்னிய லீகில் ஆடியவன் எங்கேயும் ஆடலாம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து இன்டர் ஸாப்ரெஷிச்சில் இன்னொரு லோன். அதற்கப்புறம்தான் டினாமோவில் இடம், தொடர்ந்து மூன்று லீக் பட்டம், 2008இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம்.

கே: எத்தனை கோல் போட்டார்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கே: மாட்ரிட்டில் ஆரம்பத்தில் சொதப்பினார் என்பது நிஜமா?

2012 டிசம்பரில் ஸ்பெயினின் மார்கா விளையாட்டுப் பத்திரிகை வாசகர்கள் அந்த சீசனின் மோசமான ஒப்பந்தமாக இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் வந்தவருக்கு அணியோடு பயிற்சியே சரியாகக் கிடைக்கவில்லை, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2013 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மாற்று வீரராக இறங்கி, தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அதன் பிறகு ஆறு முறை சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பிய கிளப்களின் கோப்பை. வாக்களித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கே: பாதத்தின் வெளிப்பக்கத்தால் பாஸ் கொடுப்பது வெறும் ஷோதானே?

இல்லை. 2022 ஏப்ரல், செல்சிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். மாட்ரிட் 0-3 பின்தங்கி, வெளியே போகிற நிலை. 80ஆவது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து வலது காலின் வெளிப்பக்கத்தால் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே ரோட்ரிகோவுக்கு ஒரு பந்து. கோல். இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கு சமமானது. கூடுதல் நேரத்தில் பென்ஸெமா முடித்தார். அந்தப் பந்து இல்லாவிட்டால் அந்தக் கோப்பையும் இல்லை.

கே (அதே நபர்): அப்படியென்றால் இடது கால் பலவீனம். இடது காலின் உட்பக்கத்தால் அடித்தாலும் அதே வளைவு வரும்.

வளைவு வரும், நேரம் வராது. பந்து வலது காலடியில் இருக்கிறது. இடது காலுக்கு மாற்ற ஒரு தொடுதல், உடம்பைத் திருப்ப இன்னொரு எட்டு. இடுப்பு திரும்பியதுமே டிஃபெண்டருக்கு விஷயம் தெரிந்துவிடும். வெளிப்பக்கத்தால் அடிப்பவர் ஓடுகிற ஓட்டத்திலேயே, உடம்பைத் திருப்பாமல் அடிக்கிறார். இடது காலாலும் நன்றாகவே பாஸ் கொடுப்பவர் என்பது ஒரு முழு ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கே (வேறொருவர்): அவர் சொல்வதுதான் சரி. பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கு இதைக் கற்றுத்தர மாட்டார்கள்.

பத்து வயதில் முதலில் உட்பக்கம்தான் கற்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சிறுவர்களுக்குக் கற்றுத்தருவதில்லை என்பதால் அது ஷோ ஆகிவிடுமா?

கே (முதல் நபர்): பார்சிலோனாவின் இனியெஸ்டா இதையெல்லாம் செய்யாமலே ஜெயித்தார்.

வந்துவிட்டது. மோட்ரிச்சா இனியெஸ்டாவா என்று இன்றைக்கு மட்டும் ஒன்பது பேர். பதில் சொல்லப்போவதில்லை. வெளிப்பக்கப் பேச்சும் இத்தோடு போதும்.

கே: 2018 உலகக் கோப்பையில் பெனால்டி தவறவிட்டாரே?

டென்மார்க்கோடு, கூடுதல் நேரம் முடியப்போகும்போது. அவர்கள் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்தார். சில நிமிடம் கழித்து ஷூட்டவுட்டில் அதே ஷ்மைக்கேல் முன்னால் மறுபடி வந்து நின்று போட்டார். எனக்கு அந்தத் தொடரில் பிடித்த கணம் அதுதான், தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாங்கியது அல்ல.

கே: வெளிநாட்டில் ஆடப்போகும் பையன்களுக்கு ஏதாவது?

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் படியுங்கள். இதை நான் எப்போதும் சொல்வேன், சலிக்காமல் சொல்வேன். டினாமோவை ஆட்டிவைத்த நிர்வாகி மாமிச்சுக்கு, அப்படிப்பட்ட பின்னிணைப்புகள் சம்பந்தப்பட்ட வீரர் விற்பனைப் பண விவகாரத்தில் 2018இல் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை. அந்த விசாரணையில் சாட்சி சொன்ன மோட்ரிச் மேலேயே பொய்சாட்சிக் குற்றச்சாட்டு வந்து, அந்த ஆண்டு இறுதியில்தான் விலகியது. உலகக் கோப்பை ஆடும்போதும் அது தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

கே: ஏசி மிலானில் ஏன் 14ஆம் எண்?

டாட்டன்ஹாமிலும் அதே எண்தான்.

கே: மொத்தம் எத்தனை கோல்?

கடையைச் சாத்துகிறேன்.