பினாங்கு வெயிலில் புரோக்கோலி: கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம்: அண்ணே, பாரம்பரிய ரக விதை வாங்கப் போகிறேன். பர்ப்பிள் ஸ்ப்ரவுட்டிங், டி சிக்கோ, எது நமக்கு ஒத்துவரும்?

டி சிக்கோ வாங்கும்மா. இத்தாலிய ரகம். நடுவில் சின்னப் பூ வைக்கும். அதை வெட்டியதும் பக்கக் கிளைகளில் குட்டிப் பூக்கள் வந்துகொண்டே இருக்கும். பர்ப்பிள் ஸ்ப்ரவுட்டிங் வேண்டவே வேண்டாம். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அது மொட்டே வைக்கும். இங்கே வெறும் இலைதான்.

பாயான் லெப்பாஸ் பிளாட்: நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடுகிறது.

வெளிச்சம் போதவில்லை. நம் சூட்டில் நாலைந்து நாளில் முளைத்துவிடும். முளை தெரிந்த அன்றே காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். சாய்ந்ததை வித்திலை வரை மண்ணில் இறக்கி நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

பாலிக் புலாவ்: தம்பி, பூ சரியாகத் திரளவில்லை. நடுநடுவே இலை நீட்டிக்கொண்டு, சில மொட்டு பழுப்பாக இருக்கிறது. உரம் குறைவா?

உரமில்லை அக்கா, சூடு. பூ கட்ட அதற்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். நம்மூரில் இரவிலேயே அவ்வளவு இறங்குவதில்லை. மதியம் நிழல்வலை போடுங்கள், வேரடியில் வைக்கோல் மூடாக்கு, மண் காயாமல் தண்ணீர். இத்தனை செய்தாலும் பாசாரில் விற்கும் கேமரன் மலைச் சைஸ் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும். மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் மஞ்சளாகப் பூத்துவிடும். அப்புறம், இளம் இலையை வீசாதீர்கள். கைலான் என்ற சீனக் கீரை மாதிரியே பூண்டு தட்டிப்போட்டுப் பிரட்டலாம். எனக்குப் பூவைவிட அதுதான் பிடிக்கும்.

பட்டர்வொர்த்: இலையெல்லாம் ஓட்டை. சின்னப் பச்சைப் புழு, தொட்டால் துள்ளி நூலில் தொங்குகிறது.

டைமண்ட்பேக் அந்துப்பூச்சியின் புழு. 1950களிலேயே ஜாவாவில் டிடிடி மருந்துக்குத் தாக்குப்பிடித்த பூச்சி அது, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பயனில்லை. நட்ட அன்றே கொசுவலையால் மூடுங்கள். புழு வந்துவிட்டால், புழுவைக் கொல்லும் பாக்டீரியா தூள் ‘பிடி’ (Bt) என்று விற்கும், அதைக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

ஜெலுத்தோங்: விதை எடுத்து வைக்கலாமா? பக்கத்து வீட்டில் கைலான் பூத்திருக்கிறது.

ஒரே செடி என்றால் விதையே பிடிக்காது. தன் மகரந்தத்தை அது ஏற்காது. நாலைந்து செடியாவது சேர்ந்து பூக்க வேண்டும். ஆனால் கைலான், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் ஒரே இனம், பூச்சிகள் கலந்துவிடும். சவிக் கீரை வேறு இனம், அதனால் அவ்வளவு பயமில்லை. கலப்பு விதையை நட்டுச் சாப்பிடலாம், தப்பில்லை. கடையில் விற்கும் புரோக்கோலினியே கைலான் கலப்புதான். அந்த விதையை மட்டும் டி சிக்கோ என்று எழுதி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.