காணொளித் தொகுப்புக்கு எந்தக் கணினி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில், தொகுப்பு வேலையின் நடுவே நின்றுபோகாத கணினியைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேக்கா, விண்டோஸா என்று ஒரே வரியில் பலர் கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள், எந்த மென்பொருளில் தொகுக்கிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் அதற்குப் பதில் சொல்வது உங்கள் பணத்தோடு விளையாடுவதாகிவிடும் என்பதால், அவ்விவரங்களோடு எழுதியவர்களின் கேள்விகளையே தேர்ந்தெடுத்தேன்.

திருமணங்களைச் சோனி கேமராவில் 4கே, 10 பிட், 4:2:2, எச்.265 வடிவில் பதிவு செய்கிறேன். இன்டெல் 12-ஆம் தலைமுறைச் செயலியும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டும் உள்ள விண்டோஸ் கணினியில் பிரீமியர் புரோவைப் பயன்படுத்துகிறேன். ஆனாலும் டைம்லைன் திக்கித் திணறுகிறது. மேக்குக்கு மாறிவிடலாமா? (செந்தூல்)

உங்கள் கார்டில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் பதிவு செய்யும் வடிவத்தை விரித்துக் காட்டும் வன்பொருள்தான் அதில் இல்லை. எச்.265 என்பது காட்சியைச் சுருக்கிப் பதியும் முறை. அந்தக் கோப்பில் எல்லா ஃபிரேம்களும் முழுப் படங்களாக இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே பதிவாகியிருப்பதால், டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டவுடன் கணினி பல ஃபிரேம்களைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அந்த ஒன்றைக் காட்ட முடிகிறது. இதற்கென்று தனி வன்பொருள் இருந்தால் தாமதம் தெரியாது. என்விடியாவின் 40 வரிசை வரையிலான கார்டுகளில் நிற விவரம் குறைவான 4:2:0 வடிவத்துக்கு அந்த வசதி உண்டு, நிற விவரம் கூடுதலான 4:2:2 வடிவத்துக்கு இல்லை. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தார்கள். இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இதைச் செய்கிறது. ஆப்பிளின் சொந்தச் சில்லுகளில், 2020-இல் வெளிவந்த எம்1 முதல் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். உங்கள் செயலியின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லையென்றால் அதில் கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. தனிக் கார்டு போட்ட கணினிகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்பில், அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அதை இயக்கி, இன்டெல்லின் டிரைவரை (அந்தப் பகுதியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை) நிறுவி, பிரீமியரின் மீடியா அமைப்பில் வன்பொருள் டிகோடிங்குக்கு (கோப்பை விரிக்கும் வேலைக்கு) இன்டெல்லையும் தேர்ந்தெடுங்கள். பிறகு காட்சியை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் இன்டெல் ஜிபியு என்று காட்டப்படும் அந்தக் கிராபிக்ஸ் பகுதியின் கீழுள்ள ‘வீடியோ டிகோட்’ வரைபடத்தைப் பாருங்கள். கோடு மேலே ஏறினால் வேலை சரியான இடத்துக்குப் போய்விட்டது. அது பூஜ்யத்திலேயே கிடக்க, செயலி மட்டும் 100 விழுக்காட்டில் தவித்தால் அமைப்பில் இன்னும் ஏதோ சரியில்லை.

இதற்கு மேலும் மாற விரும்பினால், திருமண வேலையை மட்டும் தனியாளாகச் செய்பவருக்கு நான் மேக்கையே பரிந்துரைப்பேன். வன்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் உருவாக்குவதால் டிரைவர் தகராறு மிகக் குறைவு. ஆனால் ஆப்பிள் சில்லுக் கணினியில் நினைவகத்தைப் பின்னர் கூட்டவே முடியாது என்பதால், வாங்கும்போதே 32 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். முப்பரிமாண வேலையும் செய்பவர், பாகங்களை ஒவ்வொன்றாக மேம்படுத்த நினைப்பவர் ஆகியோருக்கு விண்டோஸே பொருந்தும்.

கோர் ஐ9-13900கே கணினியில் ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் மூடிக்கொள்கிறது. சில நேரம் வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தி வருகிறது. விண்டோஸை இருமுறை புதிதாக நிறுவியும் பயனில்லை. (பாயான் லெப்பாஸ்)

கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் அந்தச் செய்தி உங்களைத் திசைதிருப்புகிறது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் செலுத்தப்பட்டதால் சில்லே நாளடைவில் தேய்ந்துபோகும் குறை இருந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்ற மைக்ரோகோடு (செயலியின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. தாய்ப்பலகை நிறுவனத்தின் பயாஸ் புதுப்பிப்பு வழியாக அவற்றைப் பெறலாம். வருத்தத்துக்குரியது என்னவென்றால், திருத்தம் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதான சில்லைக் குணப்படுத்தாது. பயாஸைப் புதுப்பித்து, நினைவகத்தை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணைத்துவிட்டு, அதே ஏற்றுமதியை மீண்டும் செய்யுங்கள். அப்போதும் மூடிக்கொண்டால், ஓரிரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி நினைவகத்தில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, செயலியை மாற்றித் தரும்படி கேளுங்கள். பெட்டியில் தனியாக விற்கப்பட்ட, பாதிப்புக்குள்ளான செயலிகளின் உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டுகள் நீட்டித்து 5 ஆண்டுகளாக்கியிருக்கிறது. அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

கோயில் திருவிழாவைத் திறன்பேசியில் எடுத்துத் தொகுக்கும்போது, நாதஸ்வர ஓசை போகப் போகப் படத்தைவிட்டு விலகுகிறது. கணினி மெதுவாக இருப்பதுதான் காரணமா? (பட்டர்வொர்த்)

இல்லை. திறன்பேசிகள் ஒளிக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. தொகுப்பு மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியில் ‘வேரியபிள்’ (மாறக்கூடியது) என்று இருக்கும். கோப்பின் வடிவத்தை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட்’ (சீரானது) என்று மாற்றியெடுத்த பிறகு தொகுங்கள்.

விண்டோஸ் பிரீமியரில் தமிழ்த் தலைப்பு எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. மேக்கில் இது வராது என்று நண்பர் சொல்கிறார். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

இதற்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. பிரீமியரின் பிரிஃபரன்சஸில், கிராஃபிக்ஸ் பகுதியில், தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினை (எழுத்துகளை அடுக்கித் தரும் பகுதியை) தேர்ந்தெடுத்து, தலைப்பைப் புதிதாக எழுதிப் பாருங்கள். ‘கொ’, ‘தெ’ போன்றவை ஒழுங்காக வரும். மேக்கிலும் இதே அமைப்பு தேவைப்படும்.

எழுத்துருவில்தான் இரண்டு தளங்களும் உண்மையில் வேறுபடுகின்றன. மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகியவை உடன் வருகின்றன. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறனின் கைவண்ணம் அவை. விண்டோஸில் நிர்மலா யூஐ உடன் வருகிறது; லதா, விஜயா ஆகியவை இப்போதைய பதிப்புகளில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் இருக்கின்றன. ஒரு தளத்தில் அழகாக அமைத்த தலைப்பை மறு தளத்தில் திறந்தால் எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து உட்காரும். வரியின் நீளம் மாறி, பெயர் திரைக்கு வெளியே போய்விடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஒருங்குறி எழுத்துரு ஒன்றை இரண்டிலும் நிறுவி, அதன் கோப்பைத் திட்டக் கோப்புறையிலேயே வைத்திருங்கள்.

செலவில்லாமல் லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்தலாமா? கல்லூரி மாணவன் நான். (கெப்போங்)

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. உங்கள் கேமராவும் திறன்பேசியும் தருவது அவற்றைத்தான். ஒவ்வொரு கோப்பையும் மாற்றியெடுத்துக்கொண்டிருந்தால் தொகுப்பைக் கற்க நேரம் இருக்காது. அதே இலவசப் பதிப்பை விண்டோஸில் போட்டுப் பழகுங்கள். லினக்ஸ்தான் வேண்டுமென்றால் கேடென்லைவ் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் உங்களுக்குப் போதும்.

என்னிடம் மேக், கூட்டாளியிடம் விண்டோஸ். ஒரே ஹார்ட் டிஸ்க்கை இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இருமுறை கோப்புகள் கெட்டுவிட்டன. (ஜார்ஜ்டவுன்)

அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற, இரண்டு தளங்களும் படித்து எழுதக்கூடிய கோப்பு அமைப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். மேக் தானாக விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எழுதாது, விண்டோஸ் தானாக மேக்கின் ஏபிஎஃப்எஸ் அமைப்பைப் படிக்காது என்பதால் பலரும் எக்ஸ்ஃபேட்டுக்கு வருகிறார்கள். ஆனால் எழுதுவதற்கு முன் குறித்துவைத்துக்கொண்டு, பாதியில் நின்றால் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை. முறைப்படி விடுவிக்காமல் கேபிளைப் பிடுங்கினால் சேதம் நேரக்கூடும். மூலக் காட்சிகளை இருவரும் அவரவர் தளத்துக்குரிய அமைப்பில் தனித்தனி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இருவருக்கும் இடையே திட்டக் கோப்பும், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற, தொகுப்புக்கு எளிதான வடிவில் செய்த புராக்சிகளும் (மூலக் காட்சிகளின் இலகுவான நகல்களும்) மட்டும் போய்வந்தால் போதும். மென்பொருளின் பதிப்பு எண்ணும் இருவரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் புதிய பதிப்பில் சேமித்த திட்டத்தைப் பழையதில் திறக்க முடியாது. கையில் ஒரு வேலை இருக்கும்வரை, யார் பக்கத்திலும் எந்தப் புதுப்பிப்பும் வேண்டாம்.

மாலை இடிமழையில் மின்சாரம் போய், மூன்று மணி நேர ஏற்றுமதி வீணாகிறது. மடிக்கணினிக்கு மாறுவதுதான் வழியா? (தாமான் மெலாவத்தி)

மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கணினிக்குச் சிறிது நேரம் மின்சாரம் தரும் யுபிஎஸ் போதும். விஏ எண்ணைப் பார்த்து வாங்காமல் வாட் அளவைப் பாருங்கள். முழு வேகத்தில் இயங்கும் கணினியும் திரையும் இழுக்கும் அளவைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். சீரான சைன் அலை தரும் வகையை வாங்குங்கள். மலிவான வகைகளின் அலை சில பவர் சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல், மின்சாரம் போன அதே நொடியில் கணினி அணைந்துவிடும். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை வழக்கமாக ஏற்றுமதி முடியும்போதுதான் எழுதப்படுகிறது என்பதால், 95 விழுக்காட்டில் நின்றுபோன கோப்பும் திறக்காது. ஆகவே முகூர்த்தம், விருந்து என்று பகுதி பகுதியாக டிஎன்எக்ஸ்எச்ஆரில் ஏற்றுமதி செய்து, கடைசியில் அவற்றைக் கோத்து ஒரே எம்பி4 ஆக்குங்கள்; விளைவுகளைக் கணக்கிடும் நீண்ட வேலை முன்பே முடிந்திருப்பதால், அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பழைய நேரம் பிடிக்காது.