குளிசை போட்டால் அடங்குது, விட்டால் எரியுது

நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"என்ட அவருக்கு 47 வயது. வட்டை வேலை. விடிய ஒரு பிளேன்ரீயும் ஒரு வாய் வெற்றிலையுமாகப் போனால் பகல் இரண்டு மணிக்குத்தான் சோறு. மூன்று வருஷமாக கஸ்ட்ரைட்டிஸ். பார்மசியில் ஒமிப்பிரசோல் வாங்கிப் போடுகிறார். போட்டால் அடங்குது, விட்டால் நெஞ்சும் வயிறும் எரியுது. இடுப்பு நோவுக்கும் அடிக்கடி ஒரு குளிசை போடுவார். இப்ப கொஞ்ச நாளாக முந்தி மாதிரிச் சாப்பிடுகிறாரில்லை, சாரம் கட்டினால் இடுப்பில் நிற்குதில்லை. குடல் புண்ணாகிவிட்டதா? கமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டுமா? அவருக்கு அது பயம். தயிர் கொடுத்தால் ஆறும் என்கிறார்கள், கொடுக்கலாமா?"

தங்கச்சி, சாரம் நிற்காததை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். எரிவு மூன்று வருஷப் பழசு, மெலிவு புதிசு. விதைப்புக் காலத்தில் உடம்பு வற்றுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சாப்பாட்டு மனமும் குறைந்து, உடம்பும் மெலிந்தால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முதல் வேலையாக அவரைத் தராசில் ஏற்றி நிறுங்கள். உணவைக் கட்டுப்படுத்தாத ஒருவர் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் தன் நிறையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் இழந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57க்குக் கீழே போனால், காரணம் தேடியே ஆகவேண்டும்.

ஆகவே கமரா, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, பற்றிய கேள்விக்குப் பதில்: ஆம், பார்க்க வேண்டும். பார்த்தால் பெரும்பாலும் ஆறக்கூடிய புண்ணோ அழற்சியோதான் இருக்கும், வீணாகக் கலங்க வேண்டாம். ஆனால் குளிசைக்கு அடங்குகிறதே, அப்படியென்றால் வெறும் கஸ்ட்ரைட்டிஸ்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஒமிப்பிரசோல் சாதாரண எரிவையும் அடக்கும், புண்ணின் நோவையும் அடக்கும், இரைப்பையில் தொடங்கும் புற்றுநோயின் ஆரம்ப உபாதையையும் சில காலம் அடக்கி வைக்கும்.

அவர் குளிசை போடும் முறையிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள, இரைப்பை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

விழுங்கும் சோறு 25 சென்ரிமீற்றர் அளவுள்ள களம் என்ற உணவுக் குழாயினூடாக இரைப்பைக்கு இறங்குகிறது. களத்தின் அடியில் ஒரு சுருக்குத்தசை. உணவு இறங்க மட்டும் திறந்து, பிறகு இறுகி மூடிக்கொள்ளும். இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் சாறு சுரக்கிறது. அதிலுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் கடுமையானது. அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையக் கடுமை கூடும், வெறும் வயிற்றில் அது 1.5 வரை இறங்கும். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வதும், இறைச்சி, மீன், பருப்பிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் பெப்சினை எழுப்பிவிடுவதும் இந்த அமிலம்தான். பிறகு கூழாகிப்போன உணவு சிறுகுடலுக்குப் போகிறது. அங்கே ஈரலிலிருந்து வரும் பித்தமும் சதையியின் சாறும் மீதிச் சமிபாட்டை முடிக்க, சத்து இரத்தத்தில் சேர்கிறது. மிச்சத்திலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது.

இறைச்சியையே கரைக்கும் சாறு இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? உட்சுவரில் வழுவழுப்பான சளிப்படை ஒன்று பூசியிருக்கிறது. அதற்கடியில் அமிலத்தை முறிக்கும் பைகாபனேற்று சுரக்கிறது. இந்தக் காவலை ஒழுங்காக வைத்திருப்பவை புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள். இடுப்பு நோவு, மூட்டு நோவுக்கு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை நோவைக் குறைப்பதே உடம்பில் புரொஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்துத்தான். இடுப்பில் நோவு குறையும் அதே நேரத்தில் இரைப்பையின் காவலும் குறைகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மை. அந்த மருந்து இரத்தத்தின் வழியாக வந்துதான் காவலைக் குலைக்கிறது. ஊசியாகப் போட்டாலும், பின்வழியால் வைத்தாலும் பாதிப்பு உண்டு.

உங்கள் கணவர் போடும் இடுப்பு நோவுக் குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பக்கட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பெயரே இல்லாமல் சின்னக் கடதாசி உறையில் நாலு நிறக் குளிசைகளைக் கலந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. அப்படி வாங்கியதென்றால் உறையோடு கொண்டுபோங்கள். அதுவரை நோவுக்கு பனடோல் போடலாம், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் நோய் இருந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ அந்த அளவும் கூடாது, கேட்டுத்தான் போடவேண்டும்.

இனி ஒமிப்பிரசோல். இரைப்பைச் சுவரிலுள்ள கலங்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்பிகள் உள்ளன. உணவு உள்ளே வரும்போது அவை விழித்து வேலை தொடங்கும். பட்டினியில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். ஒமிப்பிரசோல் விழித்திருக்கும் பம்பியை மட்டுமே பிடித்து முடக்கும். இரத்தத்தில் அது தங்குவதோ கொஞ்ச நேரம். ஒரு மணித்தியாலம் அளவில் பாதி கழிந்துவிடும். இப்போது உங்கள் வீட்டு நடைமுறையைப் பாருங்கள். அவர் விடிய பிளேன்ரீயோடு குளிசை போடுகிறவரென்றால், பிறகு இரண்டு மணிவரை பட்டினி. மருந்து வரும்போது பம்பிகள் தூக்கத்தில், பம்பிகள் விழிக்கும்போது மருந்து இல்லை. மூன்று வருஷக் காசில் பெரும் பங்கு இப்படித்தான் வீணாகியிருக்கும்.

எழும்பியவுடன் வெறும் தண்ணியோடு குளிசையை விழுங்கட்டும். உடைக்கவோ சப்பவோ கூடாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திடமான ஏதாவது சாப்பிட வேண்டும். இடியப்பமோ, பாணோ, முதல்நாள் தண்ணியூற்றி வைத்த பழஞ்சோறோ, எதுவும் சரி. வீட்டில் நேரமில்லையென்றால் கட்டிக்கொடுங்கள், வரம்பில் இருந்து சாப்பிடட்டும். முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் எடுக்கும். எரியும் நேரத்தில் மட்டும் ஒன்றைப் போட்டு உடனே ஆறும் என்று எதிர்பார்க்கிற மருந்தல்ல இது.

நிற்பாட்டினால் திரும்ப எரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. பல மாதம் அடக்கி வைத்த அமிலச் சுரப்பு, குளிசையை விட்டதும் சில வாரங்களுக்கு முன்னையைவிடக் கூடுதலாகச் சுரக்கும். அதை நோய் திரும்பி வந்ததாக நினைத்து மறுபடி தொடங்குகிறார்கள். நீண்ட காலம் போட்டவர் சட்டென்று விடாமல், வைத்தியர் சொல்லும் விதத்தில் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவது நல்லது. வருஷக்கணக்கில் போடுபவர்களுக்கு விற்றமின் பி12, மக்னீசியம் குறையலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. மன உளைச்சலும் உறைப்பும்தான் குடற்புண்ணை உண்டாக்குகிறது என்று வைத்தியர்களே நம்பியிருந்த காலத்தில், 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். ஒரு நாளும் தவறக்கூடாது. இதற்கான பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமிப்பிரசோலை நிறுத்தச் சொல்வது வழக்கம், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும்.

அவருடைய பயத்துக்கு வருவோம். கமரா விடுவதென்றால் சத்திரசிகிச்சை இல்லை. முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. காலையில் தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்தை விசிறுவார்கள், கசக்கும், நாக்கு தடித்ததுபோல இருக்கும். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, பல்லுக்கிடையில் ஒரு வளையம் வைப்பார்கள். பிறகு சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு குழாய். அது தொண்டையைத் தாண்டும் அந்தச் சில விநாடிதான் கஷ்டம், ஓங்காளம் வரும். மூக்கால் மெதுவாக மூச்செடுத்து, உமிழ்நீரை விழுங்காமல் வெளியே வழியவிட்டால் பாதிக் கஷ்டம் போய்விடும். உள்ளே காற்று விடுவதால் ஏவறை வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பரிசோதிக்க உட்சுவரிலிருந்து சின்னத் துண்டு எடுத்தாலும் நோகாது. மரப்பு விடும்வரை தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, புரையேறும். மயக்க ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம், நீங்களோ மகனோ கூடப் போங்கள். உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையின் ஓபிடியில் காட்டி, மெலிவைச் சொல்லி, கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து தேவையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை.

கிளினிக் திகதி வரும்வரை பொறுக்கக் கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. இரத்த வாந்தி, அல்லது கோப்பித்தூள் கரைத்ததுபோன்ற வாந்தி. தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, வழமையில்லாத நாற்றத்தோடு போகும் மலம். இரும்புச் சத்துக் குளிசை போடுபவருக்கும் மலம் கறுக்கும், ஆனால் இப்படிப் பசைபோல ஒட்டாது. வயிறு பலகைபோல் இறுகி வரும் கடும் நோவு. இவற்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. சோறு தொண்டைக்குக் கீழே நெஞ்சில் சிக்குகிறது என்று சொன்னால் அவசர சிகிச்சைப் பிரிவு தேவையில்லை, ஆனால் அந்த வாரமே காட்டவேண்டும். வெற்றிலை போடுபவரில் இதை நான் லேசாக எடுப்பதில்லை. வாய்ப் புற்றுநோய் எல்லோருக்கும் தெரியும், களப் புற்றுநோய்க்கும் வெற்றிலைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. நான் புகையிலை சேர்ப்பதில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது.

இன்னொன்று. நெஞ்சு நடுவில் பாரம் வைத்ததுபோல நோவு, தாடைக்கோ இடக்கைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல், இப்படி வந்தால் வாயு என்று சோடா உடைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஏவறை விட்டுச் சுகமானாலும் மாரடைப்பு இல்லையென்று ஆகாது. 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள், ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகு கஸ்ட்ரைட்டிஸ் என்று முடிவு செய்யலாம். நீரிழிவு உள்ளவருக்கு நோவே இல்லாமல் களைப்பும் வியர்வையும் மட்டும் வரக்கூடும்.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்கடியில் பிடித்து அரைமணிக்கு மேல் விடாத நோவு பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், அதற்கு ஸ்கான் வேண்டும். அடிவயிறு உப்பி, கக்கூஸுக்குப் போய்வந்தால் தணியும் நோவு பெருங்குடல் சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் ஒமிப்பிரசோலால் பயனில்லை.

உணவில் என்னென்ன விலக்குவது என்று நீண்ட பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை. உறைப்பு புண்ணை உண்டாக்காது. இருக்கும் எரிவைக் கூட்டலாம், கூட்டினால் குறைக்கட்டும். புளியாணம் ஒத்துக்கொள்கிறதென்றால் குடிக்கட்டும். எதுக்களிப்பு உள்ளவருக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட, எப்போது சாப்பிட்டு எப்போது சாய்கிறார் என்பது முக்கியம். இரவுச் சோற்றுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் இருக்கட்டும். கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கடியில் அரைஅடி உயரத்துக்குக் கல்லோ பலகையோ வைக்கலாம், தலையணையை அடுக்குவதால் வயிறுதான் மடியும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும். பகல் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு குனிந்து களை பிடுங்கினால் எரியத்தான் செய்யும், அரைமணி நேரம் நிழலில் நிமிர்ந்து இருக்கட்டும். ஈனோ எப்போதாவது ஒரு தடவை பரவாயில்லை. அதில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர் தினமும் குடிப்பது கூடாது.

தயிரைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் எருமைத் தயிரில் கல்சியமும் புரதமும் நிறைய உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவருக்குக்கூட அது ஒத்துக்கொள்ளும், பாலிலுள்ள இலக்ரோசு என்ற சீனியில் ஒரு பங்கை உறை பக்டீரியாக்களே தின்றுவிடுவதுதான் காரணம். ஆனால் புண்ணை ஆற்றும் மருந்தென்று நம்பிக் கொடுக்க வேண்டாம், அந்த வேலையை அது செய்யாது. மெலிந்திருக்கும் ஆளுக்குச் சத்துக்காகப் பகல் சோற்றோடு கொடுங்கள். சட்டியில் இரண்டு மூன்று நாள் இருந்து புளித்ததையும், படுக்கப்போகும் நேரத்தில் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். சீனி வருத்தம் இல்லையென்றால் கொஞ்சம் பாணியும் விடலாம்.