பாலைவனத்தில் ஒரு மீட்புப் படம்: சின்ன பட்ஜெட்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கடத்தப்பட்ட குழந்தையைத் தேடிப் பாலைவனத்துக்குள் போகிற சண்டைப் படம். யூனிட் பதினைந்து பேர், ஷெட்யூல் பன்னிரண்டு நாள். இந்த அளவை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதில்களும்.

சார், கதை ஒரே வரிதான்: குழந்தையைக் கடத்துகிறார்கள், அப்பா மீட்கிறார். 90 நிமிஷம் தாங்குமா?

தாங்கும். ஆனால் குழந்தை கைமாறுகிற பார்சலாக மட்டும் இருந்தால் இரண்டாம் பாதி படுத்துவிடும். அப்பாவிடம் 10 லிட்டர் தண்ணீர், அரை டேங்க் டீசல் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் அது குறையட்டும். செலவில்லாத டென்ஷன். குழந்தைக்கும் கதையைத் திருப்புகிற ஒரு செயல் கொடுங்கள். உதாரணமாக, ராத்திரி எல்லோரும் தூங்கும்போது கடத்தல்காரர்களின் தண்ணீர்க் கேனைச் சத்தமில்லாமல் திறந்து விடுகிறது. விடிந்ததும் இரண்டு தரப்புக்கும் ஒரே தாகம். வில்லன் ஆட்கள் ஐந்து பேர் போதும். முகம் தெரியாத இருபது பேர் என்றால் இருபது சாப்பாடு, இருபது உடை, ஒருத்தர் மேலும் பயம் வராது. ஏன் போலீஸுக்குப் போகவில்லை என்பதை முதல் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுங்கள்.

லொகேஷன் முழுக்க மணல்மேடாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். சஹாராவிலேயே மணல் ஏறக்குறைய கால் பங்குதான், மீதி சரளைக்கல் சமவெளியும் பாறையும். மணல்மேட்டில் இரண்டு நாள் எடுங்கள், பாக்கியைக் கெட்டியான தரையில். மொராக்கோவின் உவார்சசாத்துக்கும் ஸ்பெயினின் தபெர்னாஸுக்கும் யூனிட்கள் போவது மணலுக்காக மட்டுமல்ல, தார்ச்சாலை, தங்குமிடம், பழகிய ஆட்கள் எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பதால். சாலையிலிருந்து இருபது நிமிஷத்துக்கு மேல் உள்ளே போகாதீர்கள். ஒரே இடத்தில் நின்று நான்கு திசையிலும் கேமராவைத் திருப்பினால் நான்கு லொகேஷன்.

முதல் நாளே மணலெல்லாம் யூனிட்டின் காலடித் தடம். எப்படிச் சமாளிப்பது?

ஷாட் வரிசையிலேயே பாதி தீர்ந்துவிடும். வைட் ஷாட் எப்போதும் முதலில். அதற்கு முன் ஒருவரும் ஃபிரேமுக்குள் கால் வைக்கக் கூடாது, நடிகர்கூட. ஒத்திகையைப் பக்கத்து மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி, சாப்பாடு, டாய்லெட் எல்லாம் கேமராவுக்குப் பின்னால். ஆட்கள் நடக்க ஒரே தடம், கயிறு கட்டிக் காட்டிவிடுங்கள். ரீடேக் வந்தால் நடிகர் அதே தடத்தில் திரும்பி வரக் கூடாது, சுற்றி வர வேண்டும். பத்தடி தள்ளிப் புது மணலில் அடுத்த டேக். அழிக்கத்தான் வேண்டும் என்றால் அகலமான துடைப்பத்தால் மேட்டின் வரிகள் ஓடும் திசையிலேயே இழுங்கள், கடைசியாக இலை ஊதும் மெஷினால் ஊதுங்கள். குறுக்கே இழுத்த துடைப்பக் கோடு காலடியைவிட அசிங்கமாகத் தெரியும். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று) பார்ப்பவர் உடையைப் போலத் தடத்தையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். ஹீரோ தனியாக நடந்து வந்திருக்கிறார், பின்னால் மூன்று ஜோடிச் செருப்புத் தடம் என்றால் அதை எடிட்டர் காப்பாற்ற மாட்டார்.

பகலில் எல்லாம் வெளுத்துப் போகிறது. எத்தனை ஸ்டாப் என்.டி. (லென்ஸுக்கு முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்கணும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800-க்கு எஃப் (லென்ஸ் திறப்பு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) 16, ஷட்டர் 1/800 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேமில் உங்களுக்கு வேண்டியது 1/48, அதாவது நாலு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். எஃப் 4-க்குத் திறந்தால் இன்னும் நாலு. மொத்தம் எட்டு, அதாவது என்.டி. 2.4. வெளிர் மணல் பிரதிபலிப்புக்கு இன்னொரு ஸ்டாப் கையில் இருக்கட்டும். இவ்வளவு கனமான ஃபில்டரில் அகச்சிவப்பு ஒளி கசிந்து கறுப்பு உடை பழுப்பாக மாறும், அதனால் அகச்சிவப்பையும் தடுக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சுழற்றுகிற வேரியபிள் என்.டி.யை அகல லென்ஸில் கடைசி வரை திருகினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும். வானம்தான் உங்கள் படத்தில் பாதி ஃபிரேம்.

இன்னொன்று. மணலே கீழிருந்து ஒளியைத் தூக்கிக் கொடுக்கும். சூரியனை நடிகரின் முதுகுக்கு வைத்தால் பல ஷாட்டுக்கு ஒளியைத் திருப்பும் தெர்மாகோல் பலகை தேவைப்படாது. வெயிலை மட்டுப்படுத்தும் பெரிய ஸ்கிம்மர் துணி கட்டாதீர்கள், காற்றில் பாய்மரமாகிவிடும்.

200 எம்எம் லென்ஸில் ஃபோகஸ் நிற்கவே இல்லை. லென்ஸ் பழுதா?

கானல். தரை சூடான பிறகு தரையை ஒட்டிய காற்று ஆடுகிறது, எந்த லென்ஸைப் போட்டாலும் அப்படித்தான். டெலி ஷாட்களை (இப்படித் தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸில் எடுப்பவை) காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், கேமராவை வண்டிக் கூரை உயரத்துக்கு ஏற்றுங்கள். வில்லன் வண்டி தூரத்திலிருந்து வருகிற ஷாட்டை மட்டும் நடுப்பகலுக்கு ஒதுக்கி வையுங்கள், அதற்கு அந்தக் கானலே அழகு.

லென்ஸ் மாற்றும்போது தூசி போகாமல் இருக்க?

மாற்றாதீர்கள். ஒரு ஜூம், நாள் முழுக்க. கட்டாயம் என்றால் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், ஏசி விசிறியை நிறுத்திவிட்டு, கேமரா வாய் கீழ் பார்க்க வைத்து மாற்றுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

ஒரே ஜீப். சேஸ் எடுக்க முடியுமா?

முடியும். துரத்துகிறவரும் துரத்தப்படுகிறவரும் ஒரே ஃபிரேமில் இருக்கும் ஷாட் நாலைந்துதான் தேவை, அதற்கு ஒரு நாள் இரண்டாவது வண்டி எடுங்கள். எப்படியும் மீட்புக்கு இன்னொரு வண்டி இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது.

டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். அதற்கும் கீழே போனால் வேகமாகத் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் கம்ப்ரஸரால் திரும்ப ஏற்ற வேண்டும். மேட்டின் சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள், வண்டி புரளும். சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றை டிரெய்லர் மாட்டும் குண்டில் கட்டாதீர்கள். அது பிய்ந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒன்பது சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 20-க்கு இறக்கினால் புழுதி விழும் வேகமே காட்டிக் கொடுக்கும். வண்டிக்குள் பேசும் காட்சிகளுக்கு ஓட்டவே வேண்டாம். நகரக் காட்சி என்றால் கண்ணாடியில் மரமும் கட்டடமும் ஓட வேண்டும். இங்கே எதுவுமே இல்லை. கேமராவைத் தாழ்த்தி ஜன்னலில் வானம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்து, பம்பரை இரண்டு பேர் ஆட்டி, வெளியே கொஞ்சம் புழுதி ஊதினால் போதும். தொடுவானம் மட்டும் ஃபிரேமில் வந்துவிடக் கூடாது.

துப்பாக்கி: பிளாங்க் (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள தோட்டா) வைத்துச் சுடலாமா?

கூடாது. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்பில் ஒத்திகையின்போது ரிவால்வரிலிருந்து நிஜத் தோட்டா வெளியேறி ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அந்தத் துப்பாக்கியில் டம்மி (வெடிக்காத போலித் தோட்டா) மட்டுமே இருப்பதாக நம்பியிருந்தார்கள். சின்ன யூனிட்டில் நிஜத் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. சண்டைக்கு ரப்பர், குளோசப்புக்குக் கேஸில் இயங்கும் ஏர்சாஃப்ட் (நிஜம் மாதிரி இருக்கும் விளையாட்டுத் துப்பாக்கி), ஃபிளாஷ் கிராஃபிக்ஸில் ஒரு ஃபிரேம். உள்ளூர் போலீஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

நடுப்பகலில் ஃபிளாஷ் எப்படியும் தெரியாது, புழுதி எழும்புவதுதான் நம்ப வைக்கும். அரை அங்குலக் குழாயை மணலுக்கடியில் புதைத்து, வாயில் சலித்த மண்ணை நிரப்பி, கம்ப்ரஸர் காற்றை வால்வால் சட்டென்று திறங்கள். சலிக்காத மண்ணில் கல் இருந்தால் அது நிஜக் குண்டு மாதிரிதான் பறக்கும்.

எடிட்டில் ஒரு இலவச வித்தை இருக்கிறது. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 700 மீட்டரில் சுட்டால் சத்தம் வர இரண்டு விநாடி, ரைஃபிள் குண்டு அதற்கு முன்பே வந்துவிடும். முதலில் புழுதி, அப்புறம் அமைதி, பிறகு சத்தம். தூரம் எவ்வளவு என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும்.

கடத்தும் காட்சியைக் குழந்தை பயப்படாமல் எப்படி எடுப்பது?

உடைத்து எடுங்கள். லென்ஸை நோக்கி வரும் கை ஒரு ஷாட். தரையிலிருந்து மேலே போகும் பாதம் இன்னொன்று, தூக்குவது குழந்தையின் அம்மாவே விளையாட்டாக. மணலில் விழும் ஒரு செருப்பு. மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். வில்லன் மிரட்டும் குளோசப்பில் குழந்தை அங்கே இருக்கவே கூடாது, கண் பார்வைக்கு ஒரு குச்சியில் டேப் ஒட்டிக் கொடுங்கள். வில்லனின் மேக்கப்பைக் குழந்தையின் முன்னாலேயே போடுங்கள், தழும்பை அதுவே ஒட்டட்டும்.

வாய்க்கட்டு உதட்டின் மேலே தொங்கும் துணி மட்டும். கைக்கட்டுக்குப் பின்னால் வெல்க்ரோ, குழந்தையே பிய்த்துக்கொள்ளும்படி. வண்டி டிக்கியில் வைத்து மூடவே கூடாது. நிறுத்திய வண்டிக்குள் வெயிலில் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். உள்ளே தெரியும் ஷாட்டைப் பின் சீட்டைக் கழற்றி எடுங்கள், மூடும் ஷாட் காலி டிக்கி. வேலை நேரமும் அனுமதியும் எந்த நாட்டில் எடுக்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டப்படி. சட்டம் எவ்வளவு நேரம் அனுமதித்தாலும் குழந்தையின் ஷாட்கள் காலை பத்துக்குள் முடியட்டும். ஓடும் லாங் ஷாட்டுக்குச் சிறிய உருவமுள்ள பெரியவர் டூப். தலை-உடல் விகிதம் காட்டிக் கொடுக்காமலிருக்கச் சால்வையால் தலையை மூடி, முதுகுப் பக்கமாக.

ராத்திரி சீனுக்கு லைட் இல்லை.

டே ஃபார் நைட், அதாவது பகலில் எடுத்து இரவாகக் காட்டுவது. சூரியன் நடிகருக்குப் பின்பக்கம், இரண்டு ஸ்டாப் குறைவு, படம் நீலமாகத் தெரிய வைட் பேலன்ஸ் 3200, வானம் ஃபிரேமில் வேண்டாம், மேட்டின் மேலிருந்து கீழ் நோக்கி எடுங்கள். ஹெட்லைட் தெரிய வேண்டிய ஷாட்களை மட்டும் சூரியன் மறைந்த பின் கிடைக்கும் இருபது நிமிஷத்தில். அதில் நாலு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

லைவ் சவுண்ட் கிடைக்குமா?

காற்று விட்டால். மைக்குக்கு நீள ரோம உறை, 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழான உறுமலை வெட்டுவது), ஜெனரேட்டர் காற்றடிக்கும் போக்கில் மேட்டுக்குப் பின்னால். டப்பிங் செய்தால் எதிரொலி சேர்க்காதீர்கள், திறந்த மணலில் எதிரொலி கிடையாது.

வெயிலில் யூனிட் தாங்குமா?

ஐந்தரை முதல் பத்தரை, மூன்றரை முதல் இருட்டும் வரை. நடுவில் நிழல். ஆளுக்கு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் தண்ணீர், இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. வண்டியில் ஏற்றும் முன் முதலில் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நடுப்பகல் மணல் 60 டிகிரியைத் தாண்டும். விழுந்து புரளும் சண்டையை அப்போது வைத்தால் தோல் வெந்துவிடும்.

கடைசிக் காட்சியில் மணற்புயல் வேணும் அண்ணே.

டைட் ஃபிரேம், பெரிய ஃபேன், சலித்த முல்தானி மட்டி, மூன்று விநாடி டேக்குகள். தூரத்துப் புழுதியைத் தனியாக எடுத்து எடிட்டில் மேலே அடுக்குங்கள். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் என் 95 மாஸ்க், நடிகருக்குச் சால்வை. கான்டாக்ட் லென்ஸ் போட்டவர் பக்கத்தில் வர வேண்டாம். மைதா, சிமென்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம். மைதாத் தூசி நெருப்பு பட்டால் வெடிக்கும், சிமென்ட் கண்ணை அரித்துவிடும்.