டெபியன் நிறுவும்போது வைஃபை கிடைக்கவில்லை: பதில்

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 11ஐ நிறுவும்போது வைஃபை கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டெபியன் 12 படிமத்தை (நிறுவுவதற்கான கோப்பை) பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து நிறுவுங்கள். கோபியில் நீங்கள் வாங்கிய லேப்டாப்பின் இன்டெல் வைஃபை கார்டு பழுதாகவில்லை.

டெபியன் 11இன் நிறுவி (நிறுவும் நிரல்) 'ஐடபிள்யூஎல்வைஃபை' (iwlwifi) என்று தொடங்கும் கோப்பைக் கேட்டு நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். கார்டுடன் பேசும் மென்பொருளான டிரைவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, ஆனால் அது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இல்லை என்பதே அதன் பொருள். 2021இல் வெளியான 11இன் அதிகாரபூர்வப் படிமத்தில் கட்டற்ற உரிமம் (யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற அனுமதி) இல்லாத ஃபர்ம்வேரைச் சேர்க்கவில்லை; 2023இல் வந்த 12 முதல் சேர்க்கிறார்கள். ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கணக்கு அலுவலகத்தில் இதே செய்தியைக் கண்டு நான் கார்டையே கழற்றி மாற்றினேன். புதிய கார்டும் அதே கோப்பைத்தான் கேட்டது.

உறுதி செய்துகொள்ள, எழுத்துமுறை நிறுவியில் (படங்கள் இன்றி எழுத்துகளாகவே தெரியும் நிறுவியில்) ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பதிவு வரிகள் ஓடும். அங்கே அந்தக் கோப்பின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஆல்ட், எஃப்1 அழுத்தித் திரும்பலாம். கார்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் இந்தத் தீர்வு பொருந்தாது. பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) வைஃபை அணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

11தான் வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (போனின் இணையத்தைப் பகிரும் வசதியை) இயக்குங்கள். நிறுவிக்கு அது பெரும்பாலும் கம்பிவழி இணைப்பாகத் தெரியும். ஆனால் டெபியனை நிறுவி முடித்தபின் ஃபர்ம்வேர் தொகுப்பைத் தனியாகப் போட்டால்தான் வைஃபை வேலை செய்யும்.