போர்க்காலப் பிரசாரத்தை வகுப்பில் எடுப்பது எப்படி? வரலாற்று ஆசிரியர் பதில்கள்

பத்தாம் வகுப்பு ஆசிரியை: சார், பிரசாரம் என்றாலே பிள்ளைகள் ஹிட்லர், கோயபல்ஸ் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

கோயபல்ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். வில்லன் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எதற்கு? முதல் உலகப் போர் சமயத்தில் சாவில் லம்லி வரைந்த 1915 பிரிட்டிஷ் போஸ்டர் ஒன்று இணையத்தில் கிடைக்கும். நாற்காலியில் அப்பா. மடியில் மகள், கையில் விரித்த புத்தகம். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறான். கீழே, போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா என்று மகள் கேட்கும் வாசகம். அந்த வாசகத்தை மறைத்துவிட்டு முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள். அப்பா மகளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். ஏன் இந்த முகம் என்று பேசவிட்டு, பிறகு வாசகத்தைத் திறங்கள்.

வருஷத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை 1916-ல்தான் வந்தது. அதுவரை ஆட்கள் தாங்களாக வந்து சேர வேண்டும். அதனால்தான் எதிரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வீட்டில் இருப்பவன் கூசிப்போக வேண்டும், அவ்வளவே. ‘இதில் பொய் எங்கே?’ என்று கேட்டால் வகுப்பு திணறும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

பி.எட். மாணவர்: அப்படியானால் அப்பட்டமான பொய்க்கு உதாரணம் வேண்டாமா?

வேண்டும். ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று 1917-ல் லண்டன் பத்திரிகைகள் எழுதின. ஆதாரமே இல்லாத கதை என்ற ஜெர்மனியின் மறுப்பை 1925-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். விளைவு பின்னால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் கொல்லப்படும் செய்தி எட்டியபோது, இதுவும் பழைய பிணக் கதை மாதிரிதான் என்று சந்தேகப்பட்டவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளிலேயே இருந்தார்கள்.

அதே ஆசிரியை: இதைக் கேட்டால் ‘எல்லாமே பொய்’ என்று கிளம்பிவிடுவார்களே?

கிளம்புவார்கள். அதனால் பெல்ஜியத்தையும் அதே பீரியடில் எடுத்துவிடுங்கள். 1914-ல் ஜெர்மன் படை அங்கே ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது, லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. இவை நடந்தவை. 1915-ல் வந்த பிரைஸ் அறிக்கை, அதாவது பிரிட்டிஷ் அரசு அமைத்த குழுவின் அறிக்கை, இவற்றோடு சரிபார்க்காத கோரக் கதைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டது. உண்மையையும் புரளியையும் ஒரே உறையில் போட்டு அனுப்புவதுதான் பொய்யைவிட ஆபத்து என்பேன்.

ஒரு பெற்றோர்: தமிழில் இப்படி ஏதும் நடந்ததா?

வானொலியில். பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம், போர் நடுவில் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜெர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. இரு தரப்புக்கும் தமிழ்க் காதுகள் தேவைப்பட்டன.

இன்னொரு ஆசிரியர்: பிராஜெக்டாகப் போஸ்டர் வரையச் சொல்லலாமா?

எனக்குப் பிடிக்காது. கலர் பென்சில் தீரும், யோசனை வளராது. ஒரே நாள் சண்டையைப் பற்றி இரு தரப்புச் செய்திகளைக் கொடுத்து, ஒன்றில் இருந்து மற்றதில் விட்டுப்போன வரிகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். திருத்த நேரமாகும், ஹெச்.எம். முணுமுணுப்பார். சமாளித்துக்கொள்ளுங்கள்.